ஓங்கில் மறுக்கவில்லை

லிந்தால்வாவுக்கு இடது காலில் இரண்டு விரல்கள் பிறவியிலேயே ஒட்டியிருந்தன. பெருவிரலுக்கு அடுத்த இரண்டும் நகம் வரைக்கும் ஒரே தோலுக்குள். பிரசவம் பார்த்தவள் மண்ணெண்ணெய் விளக்கைக் கிட்டே கொண்டுவந்து பார்த்துவிட்டு, "துடுப்பு" என்றாள். அந்த ஒரு சொல்லோடு விசாரணை முடிந்தது, தீர்ப்பும் வந்தது. குற்றவாளி ஆற்றுக்குள் இருப்பதாக ஊர் ஒருமனதாக நம்பியது.

எங்கள் நீர்நாய் ஏரியில் மட்டுமில்லை, அமேசானின் மேல்பகுதியான சோலிமோய்ஸ் ஆற்றங்கரை முழுக்க இதே கதைதான். இளஞ்சிவப்பு ஓங்கிலை, அதாவது ஆற்று டால்பினை, நாங்கள் போத்தோ என்போம். யோவான் திருவிழா இரவில் போத்தோ வெள்ளை உடுப்பும் தொப்பியும் போட்டுக்கொண்டு கரையேறி வருமாம். நன்றாக ஆடுமாம், நன்றாகப் பேசுமாம். கூட்டத்தில் அழகான பெண்ணாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டு, விடிவதற்குள் தண்ணீரில் குதித்துவிடுமாம். உச்சந்தலையில் மூச்சுவிடும் துளையை மறைக்கத்தான் தொப்பி. அதனால் திருவிழாவுக்கு முகம் தெரியாத ஆள் வந்தால், தொப்பியைக் கழற்றச் சொல்வது எங்கள் வழக்கம். சிரித்துக்கொண்டேதான் சொல்கிறோம். ஆனாலும் சொல்கிறோம்.

நான் இந்த ஏரியில் பள்ளிக்கூடம் நடத்த வந்து, திரும்பிப் போகாமல் இங்கேயே தங்கிவிட்டவள். இந்தப் பிராணியைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். அது கழுத்தைத் திருப்பும். வெள்ளக் காலத்தில் காட்டுக்குள் புகுந்து மரங்களுக்கு நடுவே மீன் பிடிக்கும். சில வருஷத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டி போடும். சட்டைக்குப் பொத்தான் போடத் தெரிந்த ஓங்கிலைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஆனால் கல்யாணமாகாத பெண்ணுக்கு வயிறு தெரிந்தால் ஊருக்கு ஒரு பெயர் வேண்டும். சித்தப்பன் பெயரைச் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுக்காரன் பெயரைச் சொன்னால் வெட்டுக்குத்து. முதலாளி பெயரைச் சொன்னால் அடுத்த வாரம் அடுப்புக்கு உப்பு வராது. ஆக, கேட்டால் பதில் சொல்லாத ஒரு ஜீவன் தேவைப்பட்டது. எல்லோருடைய பாவத்தையும் சுமந்ததற்கு இவர்கள் அதற்குக் கொடுத்த கூலி என்ன தெரியுமா? அதன் கண்ணைப் பிடுங்கிக் காயவைத்து, பெண்ணை மயக்கும் மருந்து என்று சந்தையில் விற்றார்கள். சதையைத் துண்டு போட்டுக் கெளுத்தி பிடிக்கத் தூண்டில் இரையாக்கினார்கள்.

லிந்தால்வாவின் தாய் ஒடீலியாவும் பெயர் சொல்லவில்லை. பதினேழு வயதில், இடுப்பில் பிள்ளையோடு, "போத்தோ" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டாள். சாகும் வரை வேறு வார்த்தை அவள் வாயில் வரவில்லை.

இங்கே வீடுகள் பெரிய மரக்கட்டைகளின் மேல் மிதப்பவை. தண்ணீர் ஏறினால் வீடும் ஏறும், இறங்கினால் இறங்கும். வாசல் பலகையில் உட்கார்ந்துதான் மீன் அறுப்பது. ஒடீலியா குடலைத் தண்ணீரில் வீசுவாள். சற்று நேரத்தில் பலகைக்கு அடியில் பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம் கேட்கும். முதுகில் நீளமாகத் தழும்பு போட்ட ஒரு கிழ ஓங்கில் வரும்.

"அப்பா வந்துட்டாரு," என்பாள் சின்ன லிந்தால்வா.

"ம்."

"அம்மா, அப்பா ஏன் மேல ஏறி வர்றதே இல்ல?"

"மூச்சு விட மேல வர்றாருல்ல. அது போதும்."

இதை லிந்தால்வாவே எனக்குச் சொன்னாள், வளர்ந்த பிறகு, சிரித்துக்கொண்டு. வகுப்பில் மற்றப் பிள்ளைகள் அவளை மீனு என்று கூப்பிடுவார்கள். ஓங்கில் மீன் இல்லை, பால் கொடுக்கும் பிராணி என்று நான் கரும்பலகையில் படம் போட்டு விளக்கினேன். மறுநாளிலிருந்து, "சரி டீச்சர், மீனு இல்ல, மாடு," என்றார்கள். கல்வியின் பயன் சில சமயம் இப்படித்தான் வாய்க்கிறது.

அப்பனின் உண்மையான பெயர் அவளுக்குத் தெரியவந்தது ஒரு சண்டையில். ஊரில் மரவள்ளி மாவு வறுக்கும் பெரிய இரும்புச் சட்டி ஒன்றுதான். முறை வைத்து வறுப்பார்கள். முறை மாறிப்போனதில் பக்கத்து வீட்டு சுலெய்டிக்கும் லிந்தால்வாவுக்கும் வாய் முற்றியது. சுலெய்டி நாக்குக்கு ஏரியில் ஈடு கிடையாது.

"போத்தோ மகளுக்கு வாயப் பாரு. ஏன்டி, உங்கப்பனுக்கு மோட்டார் படகு இருந்துச்சாமே? நீந்தத் தெரியாத போத்தோவா அது?"

மாவு வறுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் குனிந்துகொண்டார்கள். ஒருவரும் "என்ன சொல்ற?" என்று கேட்கவில்லை. அப்போதுதான், ஊருக்கே தெரியும் என்பது லிந்தால்வாவுக்குத் தெரிந்தது.

அந்தக் காலத்தில் ஏரியில் மோட்டார் படகு வைத்திருந்தது ஒருவர்தான். முதலாளி ஒஸ்மாரினோ. உப்பு, மண்ணெண்ணெய், தூண்டில் முள், காய்ச்சல் மாத்திரை எல்லாம் அவர் படகில்தான் வரும். எங்கள் மாவும் கருவாடும் காட்டுக் கொட்டையும் அவர் படகில்தான் போகும். அவர் கடையைப் பெருக்கித் துடைக்கப் போன பெண்தான் ஒடீலியா. அவருக்கு அப்போதே நகரத்தில் மனைவி உண்டு, கைக்குழந்தையும் உண்டு. ஊர் முழுவதையும் கைக்குள் வைத்திருந்த மனிதனுக்கும், தரை துடைக்க வந்த பதினேழு வயதுப் பெண்ணுக்கும் நடுவே நடந்ததற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியும். ஆனால் வேறொன்றையும் சொல்ல வேண்டும். தூரத்தில் அந்தப் படகின் சத்தம் கேட்டால் அம்மா தலையை அவிழ்த்து முடிந்துகொண்டு உள்ளே போய்விடுவாள், அது போகும் வரை வெளியே வரமாட்டாள் என்று லிந்தால்வா சொல்லியிருக்கிறாள். இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

லிந்தால்வா வளர்ந்தாள். ஒரு மீனவனைக் கட்டினாள். அவன் மரம் வெட்டப் போய், சாய்ந்த மரத்தடியிலேயே செத்துப்போனான். இரண்டு மகன்களை வளர்த்தாள். அவர்கள் மனாவுஸ் நகரத்துத் தொழிற்சாலைக்குப் போனார்கள். அவள் வறுத்த மாவுக்கு மதிப்பு அதிகம். பொன் நிறத்தில், ஒரே பருக்கையாக, வாயில் போட்டால் கடகடவென்று உடையும். அதை வாங்க முதலாளி தானே வருவார். கிழவரான பிறகும் ஆளை அனுப்பாமல் தானே வருவார்.

வந்து, வாசல் பலகையோடு படகை அணைத்து நிறுத்துவார். முழங்கால் வரை கறுப்பு ரப்பர் பூட்ஸ். எங்கள் ஏரியில் எல்லோருக்கும் வெறுங்கால்தான். எந்த வீட்டுக்குப் போனாலும் வாசல் பலகையில் உட்கார்ந்து, குடுக்கையில் தண்ணீர் மொண்டு, கால் கழுவிவிட்டுத்தான் ஏறுவோம். ஒருமுறை வந்த ஆயரும் அப்படித்தான் ஏறினார். ஒஸ்மாரினோ மட்டும் யார் வீட்டிலும் ஏறினதில்லை. கேட்டால், "திருக்கை கொட்டிருச்சுன்னா யாரு பாக்கறது?" என்பார். சேற்றில் திருக்கை உண்டு, கொட்டினால் உயிர் போகிற வலி, எல்லாம் நிஜம். பலகைத் தரையில் எந்தத் திருக்கை இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

"ஏறி வாங்க முதலாளி. காபி போட்டிருக்கேன்."

"இங்கயே குடு."

படகில் நின்றபடி குடிப்பார். கோப்பையைத் திருப்பிக் கொடுப்பார். மாவு மூட்டையைப் படகில் ஏற்றிக்கொண்டு போவார். இது வாரா வாரம், வருஷக் கணக்காக. ஒவ்வொரு வாரமும் அவள் காபி போட்டு, தரையைத் துடைத்து, குடுக்கையில் தண்ணீர் மொண்டு வாசலில் வைத்திருப்பாள். அந்தத் தண்ணீர் அப்படியே இருக்கும்.

ஒருநாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்தாள்கிட்ட நேரா கேளு. சட்டம் இருக்கு. ரத்தம் எடுத்துப் பாத்தா அப்பன் யாருன்னு தெரிஞ்சுரும். நான் கூட வரேன்," என்றேன்.

"எதுக்கு டீச்சர்? கடையில பங்கு வாங்கவா?"

"உன் உரிமை."

"எனக்குப் பேரு வேணாம், கடை வேணாம். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, கால கழுவிட்டு ஏறி வந்து, எல்லாரு மாதிரியும் தரையில உக்காந்து காபி குடிக்கணும். அவ்ளோதான்."

"அதுல என்ன கெடைக்கப் போகுது உனக்கு?"

மீன் குடலை வீசினாள். அடியில் பெருமூச்சு கேட்டது. "இவரு மட்டும்தான் டீச்சர் இதுவரைக்கும் நான் இல்லன்னு சொல்லல," என்றாள்.

பெரிய வறட்சி வந்த வருஷம் ஏரி கண்ணெதிரே வற்றியது. படகுத்துறை மேட்டில் தொங்கியது. வீடுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. லிந்தால்வா மட்டும் முன்யோசனையாகத் தன் வீட்டை, தண்ணீர் இருக்கும்போதே, ஆற்றோடு சேரும் கால்வாய் ஓரமாக இழுத்துக் கட்டியிருந்தாள். ஏரியின் நடுவில் எஞ்சிய குட்டையில் முதலைகள் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. நாரைகள் பறக்கக்கூட மனமில்லாமல் தின்றன. குட்டைத் தண்ணீரில் கைவைத்தால் சுட்டது. பிறகு ஓங்கில்கள் செத்து மிதக்க ஆரம்பித்தன. முதலில் ஒன்று. அப்புறம் எண்ண மனம் வரவில்லை.

நகரத்திலிருந்து ஆட்கள் முகமூடி போட்டுக்கொண்டு வந்தார்கள். நாங்கள் கயிறு கட்டி இழுத்துக் கொடுத்தோம். காட்டை வெட்டியவன், எரித்தவன், எங்கோ குளிர்ந்த அறையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவன் எவனும் அந்த நாற்றத்தில் நிற்கவில்லை. இழுத்துப்போட்ட ஒவ்வொன்றின் முதுகையும் லிந்தால்வா கையால் துடைத்துப் பார்த்தாள்.

"இது இல்ல," என்பாள். அடுத்ததுக்குப் போவாள். "இதுவும் இல்ல."

அது இருந்தால் அழலாம். இல்லாததால் அழவும் முடியவில்லை.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம் முதலாளியின் இளைய மகன் வான்டர்லெய் சேற்றில் விழுந்து எழுந்து ஓடிவந்தான். அவனுக்கும் வயதாகிவிட்டது. நானும் சுலெய்டியும் லிந்தால்வா வீட்டில் மீனைக் கருவாடாக்க உப்பு வைத்துக்கொண்டிருந்தோம்.

"அக்கா, அப்பாவுக்கு மூச்சு வாங்குது. ஆஸ்பத்திரிப் படகு கால்வா வரைக்கும்தான் வருமாம். உங்க வீட்டாண்டதான் நிக்கும். அது வர்ற வரைக்கும் அவர இங்க வச்சிருக்கலாமா?"

"ஓ, இன்னைக்குதான் அக்காவா?" என்றாள் சுலெய்டி.

"சும்மா இரு சுலெய்டி," என்றாள் லிந்தால்வா. ஏற்கெனவே எழுந்துவிட்டிருந்தாள்.

கடை ஏரிக்கு மறுகரையில் சாய்ந்து கிடந்தது. தூளி ஊஞ்சலைக் கழியில் கட்டி, அதில் அவரைப் போட்டு, முறை மாற்றி மாற்றித் தூக்கி வந்தோம். கிழவருக்கு மூச்சு இல்லாவிட்டாலும் வாய் இருந்தது.

"பொணத்தையா தூக்கிட்டுப் போறீங்க? எறக்குங்கடா. நடந்து வரேன்."

இறக்கிவிட்டோம். சில எட்டு வைத்தார். ஏரியின் நடுவில், மேலே காய்ந்து வெடித்து அடியில் களியாகக் கிடந்த இடத்தில், இரண்டு காலும் கெண்டைக்கால் வரை இறங்கின. வான்டர்லெய் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். ஆள் வந்தார். பூட்ஸ் வரவில்லை; வெறுங்கால் இரண்டும் சேற்றில் புதைந்தன.

"பூட்ஸ எடுங்கடா."

இழுத்துப் பார்த்தார்கள். சேறு கொடுக்கவில்லை.

"மூச்சப் பாருங்கப்பா. பூட்ஸுக்கா இப்ப அவசரம்?" என்றான் வான்டர்லெய்.

"எடுக்கச் சொல்றேன்ல."

"மொதலாளி, அது உங்க கடையில நீங்களே வித்த சரக்குதான். கெட்டியாத்தான் இருக்கும், அப்புறம் எடுத்துக்கலாம்," என்றாள் சுலெய்டி. கிழவரைத் திரும்பவும் தூளியில் போட்டோம். சேறு வழியும் இரண்டு கால்களையும் துணிக்குள் இழுத்துக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை.

லிந்தால்வா முன்னால் ஓடிவிட்டாள். நாங்கள் போனபோது தரை துடைத்திருந்தது. வாசலில் குடுக்கையும் ஒரு தவலைத் தண்ணீரும் இருந்தன. சேற்றோடு வந்த நாங்கள் எல்லோரும் வழக்கம்போல உட்கார்ந்து கால் கழுவினோம். அவரைப் பலகை ஓரத்தில் உட்காரவைத்தோம்.

"ஈரத்துணி குடு, நானே தொடச்சுக்கறேன்."

"குனிஞ்சா மூச்சு நின்னுரும். உக்காருங்க முதலாளி. இது என் வீடு."

அவர் முன்னால் மண்டியிட்டு, வலது காலைக் கழுவினாள். பிறகு இடது கால். தண்ணீரை ஊற்றி, சேற்றைக் கையால் வழித்தாள். கை நின்றது. இன்னொரு குடுக்கை ஊற்றினாள். பெருவிரலுக்கு அடுத்த இரண்டும், நகம் வரைக்கும், ஒரே தோலுக்குள்.

சுலெய்டி வாயைத் திறந்தாள். ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டாள். அதை நான் அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன். வான்டர்லெய் கால்வாய்ப் பக்கம் திரும்பி, வராத படகைப் பார்த்தான்.

பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு எது எப்படி வருகிறது என்று வருஷா வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்தப் பாடத்தில் இவ்வளவு அமைதி இருந்ததில்லை.

"பாத்தாச்சுல்ல," என்றார் கிழவர்.

"பாத்தாச்சு."

"சின்ன வயசுல எங்கூருல என்னை வாத்துக்காலன்னு கூப்புடுவானுங்க. அதான் பூட்ஸு."

"என்னை மீனுன்னாங்க."

லிந்தால்வா தன் பாவாடையாலேயே அந்தக் காலைத் துடைத்தாள். ஒட்டிய விரல்களை, இடுக்கு இல்லாத அந்த இடத்தை, இரண்டு தரம் துடைத்தாள். கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப் போய்ச் சுவரோரம் தரையில் உட்காரவைத்தாள். அடுப்பில் காபி தயாராக இருந்தது. எப்போதும்தான் தயாராக இருந்ததே.

கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து ஒரு வாய் குடித்தார். கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்து விழுங்கினார்.

"உங்கம்மா இன்னும் கொஞ்சம் கெட்டியா போடுவா."

அவ்வளவுதான். மகளே என்று சொல்வார் என நான் காத்திருந்தேன். எனக்கு அந்த மனிதனைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. ஒரு சொல், மூச்சு இருக்கும்போதே ஒரு சொல், ஒரு ஆயுள் முழுக்க இந்தப் பெண் அதற்காகத் தரை துடைத்திருக்கிறாள். அவர் காபியை முழுவதும் குடித்தார். கோப்பையைத் தரையில் வைத்தார்.

"அடுத்த தடவ கெட்டியா போடறேன்," என்றாள் லிந்தால்வா.

"ம்."

கால்வாயில் படகுச் சத்தம் கேட்டது. லிந்தால்வா, தன்னை அறியாமல், தலையை அவிழ்த்து முடிந்துகொண்டாள்.

ஏற்றும்போது, "என் பூட்ஸ்," என்றார் ஒருமுறை. வெறுங்காலோடு போனார்.

அவர் நகரத்தில் இறந்த செய்தி அடக்கம் முடிந்த பிறகுதான் எங்களுக்கு வந்தது. வான்டர்லெய் கறுப்புச் சட்டையோடு திரும்பி வந்து கடையைத் திறந்தான். லிந்தால்வா உப்பு வாங்கப் போனாள். நானும் கூடப் போனேன்.

"பொட்டியில வைக்கும்போது ஷூ போட்டீங்களா?" என்று கேட்டாள்.

"புது ஷூ. கறுப்புத் தோலு."

தலையாட்டினாள். உப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அந்தப் பூட்ஸ் இரண்டும் ஏரியின் நடுவில் நின்றுகொண்டேயிருந்தன. சுற்றிலும் வெடித்த சேறு. நடுவில் ஆள் இல்லாமல் இரண்டு கறுப்புப் பூட்ஸ். யாரும் போய் எடுக்கவில்லை. ஆற்றின் மேற்பகுதியில் மழை பிடித்து, ஆறு பெருகி, கால்வாய் வழியாகத் தண்ணீர் திரும்பி வந்தபோது அவை மெல்ல மெல்ல மூழ்கின. மேல் விளிம்பு மறையும் நாளில் லிந்தால்வா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு கட்டையோடு அசைந்து மேலெழும்பத் தொடங்கியிருந்தது.

அடுத்த யோவான் திருவிழாவில், மரம் வாங்க வந்த ஒருவன் வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக ஆட்டத்தில் நுழைந்தான். வழக்கம்போல யாரோ, "தொப்பியக் கழட்டுங்க பாக்கலாம்," என்றார்கள். கழற்றிக் குனிந்து வழுக்கையைக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள்.

"தலையில என்னத்தப் பாக்கறீங்க?" என்றாள் சுலெய்டி, இசைக்கு மேலாக. "பூட்ஸக் கழட்டச் சொல்லுங்கடா."

சிரிப்பு பாதியில் நின்றது. ஆண்கள் சிலர் தங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டார்கள். இந்த ஊர் இத்தனை தலைமுறையாகத் தவறான இடத்தில் சோதனை போட்டுக்கொண்டிருந்திருக்கிறது என்று நான் சொல்ல நினைத்ததை, அவள் என்னைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட்டாள். லிந்தால்வா என் பக்கத்தில்தான் இருந்தாள். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "மீன் அறுக்கணும்," என்று எழுந்து போனாள்.

இப்போது அவள் போடும் காபியை யாராலும் குடிக்க முடிவதில்லை. கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டி. நான் குடிக்கிறேன். குடித்துக்கொண்டே அவள் குடலை வீசுவதைப் பார்க்கிறேன். சாம்பல் நிறச் சின்ன ஓங்கில்கள் ஆற்றிலிருந்து திரும்பி வந்துவிட்டன; கூட்டமாகத் துள்ளிவிட்டுப் போகும். இளஞ்சிவப்பில் ஒன்றிரண்டும் தூரத்தில் தென்படுகின்றன, இளசுகள், முதுகில் தழும்பு இல்லாதவை.

"செத்ததுல அது இல்ல டீச்சர். நான்தான் ஒவ்வொண்ணா பாத்தேனே," என்கிறாள்.

"ஆத்துப் பக்கம் போயிருக்கும்."

"போயிருக்கும். தண்ணி இன்னும் நல்லா ஏறட்டும்."

வாசலில் தண்ணீர் நிறைந்த குடுக்கை இன்னும் இருக்கிறது. அவள் பலகை விளிம்பில் உட்கார்ந்து, ஒட்டிய விரல்களோடு அந்தக் காலைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு, அடியில் மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.